தலைவர் வருகிற தெரு

உலா இலக்கியத்தில் பெண்ணுக்கு நாற்பது வயதோடு பெயர் தீர்ந்துபோகும். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். ஐந்து வயதில் தொடங்கும் இந்த வரிசைக்குப் பாட்டியல் நூல்கள் சொல்லும் வயதுக் கணக்கு நூலுக்கு நூல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் பேரிளம்பெண் 32இல் தொடங்கி 40இல் முடிகிறாள். தலைவன் யானைமீதோ தேர்மீதோ வீதியில் வருவான். ஏழு பருவத்துப் பெண்களும் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள், மயங்குவார்கள், வளை கழன்று விழும். அவன் பாட்டுக்குப் போய்விடுவான். ஒட்டக்கூத்தர் இதை விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்று மூன்று பேருக்கும் பாடினார். அந்த மூவருலாவில்தான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். அப்போது எனக்கு 29 வயது, தெரிவை. வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர், “பேரிளம்பெண்ணுக்கு அப்புறம் என்னம்மா?” என்று தானே கேட்டுத் தானே சிரித்தார். அவையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

2023 மே மாதம், கல்லூரிக் கோடை விடுமுறையில், அமெரிக்காவின் வட கரோலினாவில் கன்கார்டு என்ற ஊரிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு 46 முடியப்போகிறது. அக்கா, பக்கத்திலுள்ள சார்லட்டில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். அவளுடைய பக்கத்து வீட்டில் 71 வயது அம்மாள் ஒருவர் தனியாக இருக்கிறார். அக்கா பிள்ளைகள் அவரை ‘மில் பாட்டி’ என்பார்கள். அடுத்த ஊரான கன்னாபொலிஸில் இருந்த துவாலை ஆலையில் 33 வருடம் ஓரம் தைத்தவர். 2003 ஜூலையில் அந்த ஆலையை மூடினார்கள். அந்த ஊரிலும் சுற்றிலும் நாலாயிரம் பேருக்கு மேல் வேலை போயிற்று. மில் பாட்டி அதை நாள், கிழமையோடு சொல்வார். நான் கோவில்பட்டிக்காரி. மில் சங்கு கேட்டு விடிந்த வீடு எங்களுடையது. அவரும் நானும் முதன்முதலில் பேசியதே சங்கைப் பற்றித்தான்.

ஒரு சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: “வியாழக்கிழமை எங்க டிரைவரோட ரசிகர் மன்றக் கூட்டம். கூட வர்றவளுக்கு முழங்கால் ஆபரேஷன். டிக்கெட் சும்மா கிடக்கு. வர்றியா?”

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. “அது வேற மாதிரிக் கூட்டம்டி. கார் ரேஸு. நம்ம ஆளுங்க யாரும் அங்கெல்லாம் போறதில்ல.” அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி இந்தப் பந்தயத் திடல்களில் பல பத்தாண்டுகள் பறந்தது. பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு அதைத் தடை செய்தது 2020 ஜூனில்தான். வியாழக்கிழமை போகிற வழியில் ஒரு வீட்டுக் கம்பத்தில் அந்தக் கொடியைப் பார்த்தேன். மில் பாட்டியும் பார்த்தார். “மடையன்” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கிற கார் என்று பொருள். மதுவிலக்குக் காலத்தில் மலைச் சாராயத்தை ஏற்றிக்கொண்டு போலீஸுக்குத் தண்ணி காட்டியவர்களின் ஓட்டத்தில் இந்தப் பந்தயத்துக்கு ஒரு வேர் உண்டு. 1948இல் நாஸ்கார் உருவாகி, 1949இல் கடைக் கார்களுக்கான முதல் பந்தயம் சார்லட்டில் நடந்தபோது, ஓட்டுநர்கள் உண்மையிலேயே வீட்டுக் காரைத்தான் கொண்டுவந்தார்கள். இப்போதைய கார்களில் கடைக் காரின் முகம் மட்டும்தான் மிச்சம். முகப்பு விளக்குகள் ஒட்டிய படங்கள். கதவு திறக்காது, ஜன்னல் வழியாக உள்ளே இறங்க வேண்டும். இதையெல்லாம் போகும் வழியில் மில் பாட்டி எனக்குப் பாடம் நடத்தினார். அவருடைய தென்னாட்டு ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. நான் வகுப்பில் சீர் பிரித்துக் காட்டும்போது கடைசி பெஞ்ச் பிள்ளைகள் எப்படித் தலையாட்டுமோ அப்படித் தலையாட்டிக்கொண்டே போனேன்.

கூட்டம் பந்தயக் குழுவின் பட்டறையில். பட்டறை என்றதும் மெக்கானிக் ஷெட்டை நினைத்திருந்தேன். தரை ஆஸ்பத்திரித் தரைபோல் இருந்தது. ஓட்டுநரின் பெயர் இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். அன்று அவரைப் பார்த்தது மொத்தம் நாற்பது நிமிடம். மற்ற நாலரை மணி நேரமும் பெண்களைத்தான் பார்த்தேன்.

இருநூறு பேருக்கு மேல் இருக்கும். ஆண்களும் இருந்தார்கள், நாற்காலி தூக்கிப்போட, வண்டி ஓட்ட. முன் வரிசைகள் முழுக்கப் பெண்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஊன்றுகோல், சக்கர நாற்காலி, ஒருவருக்கு மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். எல்லார் சட்டையிலும் ஒரே எண். ஒருத்தி அந்த எண்ணைக் கம்மலாகச் செய்து போட்டிருந்தாள். வாழைப்பழ புட்டிங், சீஸ் தடவிய ரொட்டி, நம்மூர் பாயசத்தைவிட இனிப்பான குளிர்ந்த டீ. ஒரு மேசையில் ‘ஹீரோ கார்டு’ என்று ஓட்டுநரின் படம் போட்ட வழுவழுப்பான அட்டைகள். இன்னொன்றில், ஓடிக் களைத்த காரிலிருந்து கழற்றிய சக்கர நட்டுகள் ஏலத்துக்கு. திருப்பதி லட்டை வாங்குகிற மாதிரி அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்கள்.

வந்த ஒரு மணி நேரத்துக்குள் எனக்குள் இருந்த ஆய்வாளர் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். இது உலாதான். தேருக்குப் பதில் கார். வீதிக்குப் பதில் ஒன்றரை மைல் வளையம், அதை நானூறு முறை சுற்றினால் 600 மைல். வாசலில் பெண்கள். ஆணாதிக்கம், முதலாளித்துவம் இரண்டும் சேர்ந்து கட்டிய மயக்கம் என்று மனதுக்குள் ஒரு பத்தியே எழுதிவிட்டேன். 1987இல் டைட் சோப்புத்தூளின் பெயரைத் தாங்கிய கார் ஒன்று ஓடத் தொடங்கியதை மில் பாட்டி சொன்னபோது அந்தப் பத்திக்குச் சான்றும் கிடைத்துவிட்டது. “ஏன் சோப்புத்தூள்னு தெரியுமா? துணி துவைக்கிறது யாரு?” என்று அவரே கேட்டார். ஓட்டுநருக்குக் காசு கொடுக்கும் கம்பெனியின் பொருளைத்தான் வாங்குவார்களாம். ஓட்டுநர் கம்பெனி மாறினால் இவர்கள் வீட்டில் சோப்பும் மாறும். இதில் எதையும் நான் இப்போது மறுக்கவில்லை. அந்தப் பத்தி தவறில்லை. ஆனால் நான் பெண்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பே அதை எழுதி முடித்திருந்தேன்.

ஓட்டுநர் வந்தார். நடுவயது, மெல்லிய ஆள், கூச்சம். கைதட்டல் ஓய்ந்ததும் கேள்விகள். முதல் கேள்வி கேட்டவருக்கு எண்பது இருக்கலாம். “ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எல்லாரும் நாலு டயர் மாத்தினாங்க. நீ ரெண்டோட கிளம்பிட்ட. யாரு சொன்னது, உன் தலைமை மெக்கானிக்கா, நீயா?” அவர் விளக்கினார். பாட்டி திருப்தி அடையவில்லை. “உன் வலது பின் டயர் அப்பவே தேஞ்சு போச்சுன்னு நீயே ரேடியோவில சொன்னியே” என்றார். பந்தயத்தின்போது ஓட்டுநர் தன் ஆட்களோடு பேசுவதை ஸ்கேனர் என்ற சிறு கருவி வைத்திருக்கும் யாரும் காதில் மாட்டிக் கேட்கலாம். இவர்கள் ஒரு சொல் விடாமல் கேட்கிறார்கள். அடுத்து எழுந்தவர் கேள்வியே கேட்கவில்லை. “கூரை மேலே நின்னு உனக்கு வழி சொல்ற பையனை நீ அன்னிக்குத் திட்டினது சரியில்ல. அவன் சொன்னது சரிதான். நாங்க கேட்டோம்.”

“யெஸ், மேம்” என்றார் ஓட்டுநர். காது சிவந்திருந்தது.

மூவருலாவில் ஒரு பெண் சோழனைப் பார்ப்பாள், மயங்குவாள். அவன் யானை எந்தக் காலை முதலில் வைத்தது என்று அவளுக்குத் தெரியுமா என யாரும் கேட்டதில்லை, நானும்தான். நானூறு பக்க ஆய்வேட்டில் பெண்களின் மயக்கத்தை எண்வகையாகப் பிரித்திருக்கிறேன். அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று ஓர் இயல்கூட இல்லை.

இடைவேளையில் மில் பாட்டியும் அவர் தோழிகளும் எனக்குச் சொன்ன கதைகளை இங்கே சுருக்குகிறேன். 1949இன் அந்த முதல் பந்தயத்திலேயே சாரா கிறிஸ்டியன் என்ற பெண் ஓட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் ஒரு பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். எதெல் மோப்ளி டேட்டோனா கடற்கரைப் பந்தயத்தில் கூட ஓடிய தன் சொந்தச் சகோதரர்களில் இருவரை முந்தினார். லூயிஸ் ஸ்மித் கதையை ஐந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கணவரின் புதுக் காரை எடுத்துக்கொண்டு டேட்டோனாவுக்குப் பந்தயம் பார்க்கப் போனவர், பார்க்கப் பொறுக்காமல் அதே காரை ஓட்டி, உருட்டி, நொறுக்கிவிட்டு, பஸ்ஸில் வீடு திரும்பினாராம். வழியில் கார் ரிப்பேர் என்று கணவரிடம் சொல்ல, அவர் கையில் நொறுங்கிய காரின் படத்தோடு நாளிதழ் இருந்ததாம். ‘நாளிதழ்’ என்கிற இடம் வந்ததும் ஐந்து பேரும் மேசையைத் தட்டினார்கள்.

மில் பாட்டிக்கு மட்டும் சொந்தமாக ஒரு கதை இருந்தது. 1976 மே. சார்லட் திடலில் இதே 600 மைல் பந்தயத்தில் ஜேனட் கத்ரி ஓட்ட வந்தார். இயற்பியல் படித்தவர். அவர் ஓட்டிய காரின் சொந்தக்காரரும் பெண், லிண்டா ஃபெரேரி, சார்லட்டில் வங்கி அதிகாரி. ஒரு பெண்ணின் கைக்கும் முதுகுக்கும் 600 மைல் தாங்காது என்று ஊரே பேசியது. மில் பாட்டியின் கணவர் பத்து டாலர் பந்தயம் கட்டினார். அப்போது இவருக்கு 24 வயது, திருமணமாகி நாலு வருடம், வயிற்றில் இரண்டாவது பிள்ளை. ஜேனட் கத்ரி முழுத் தூரமும் நின்று 15ஆவதாக வந்தார். “பத்து டாலரை அவர் கையிலேர்ந்து வாங்கிட்டுத்தான் கார்ல ஏறினேன்” என்றார். அடுத்த ஆண்டு டேட்டோனா 500இல் ஓட்டிய முதல் பெண்ணும் ஜேனட் கத்ரிதான். அதற்குப் பிறகு மிகச் சில பெண்களே இந்த உச்சப் போட்டிக்கு வந்திருக்கிறார்கள். 2013இல் டேனிகா பேட்ரிக் டேட்டோனா 500ஐ முதலிடத்திலிருந்து தொடங்கினார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். “இப்ப யாரும் இல்ல. வந்தா அவளுக்கு மன்றம் நான்தான் தொடங்குவேன். அதுவரைக்கும் இவன்” என்று மேடைப் பக்கம் கையைக் காட்டினார். ‘இவன்’ அப்போது ஆக்ஸிஜன் குழாய் அம்மாளின் சட்டைக் கையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது எல்லாருக்கும் மன்றத்தின் செய்தி மடல் கொடுத்தார்கள். எட்டுப் பக்கம். கணினி பழகாத உறுப்பினர்கள் நிறையப் பேர் என்பதால் இன்னும் தாளில்தான். முதல் பக்கத்தில் போன மாதப் பந்தயங்கள் பற்றி ஒரு கட்டுரை. மேலே பெயர், பக்கத்தில் தபால்தலை அளவு புகைப்படம். மில் பாட்டி.

“நீங்களா எழுதறீங்க?”

“ஒன்பது வருஷமா. அதுக்கு முன்னாடி வேற ஒருத்தனுக்கு எழுதினேன், அவன் ரிட்டயர் ஆயிட்டான். மில் மூடின வருஷம் தொடங்கினது. கையைச் சும்மா வச்சுக்க முடியல.” வண்டியைத் திருப்பிக்கொண்டே கேட்டார்: “நீ உங்க ஊர்ல எந்த மன்றத்தில இருந்த?”

இல்லை என்றேன். எங்கள் ஊரில் பெண்கள் மன்றத்தில் இருப்பதில்லை என்றேன். அது உண்மை. ஆனாலும் வீடு வரும்வரை தொண்டையில் ஒன்று நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடக்கவில்லை. மழை. அந்த வழுக்கு டயர்களோடு இந்த வளையத்தில் மழையில் ஓட்ட மாட்டார்கள். திங்களுக்குத் தள்ளிவைத்தார்கள். அறிவிப்பு வரும்வரை பொறுக்கமாட்டாமல் மில் பாட்டி, எண் போட்ட சட்டையோடு, ஸ்கேனரையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். டிவியில் நனைந்த திடலையே காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சொன்னேன்.

1991 தீபாவளி. ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்த தீபாவளி. எனக்கு 14 வயது. அண்ணன் எங்கள் தெரு ரஜினி மன்றத்தின் செயலாளர். வாழ்த்துப் போஸ்டர் அடிக்கச் சிவகாசிக்குப் போக வேண்டும், வரி வேண்டும். இரண்டு நாளாக அவன் நோட்டில் கிறுக்கிக் கிழித்துக்கொண்டிருந்தான். நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து சொன்னேன்:

ஐப்பசி மழையே, ஓரமாய் நில்.
தலைவர் வருகிற தெரு இது.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டான். போஸ்டரில் அந்த வரிக்குக் கீழே அவன் பாஸ்போர்ட் போட்டோவும் பெயரும் வந்தன. தியேட்டர் வாசலில் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்து, பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். “ஏட்டி, பொட்டப்புள்ளைக்குத் தியேட்டர் வாசல்ல என்ன சோலி?” என்றாள் அம்மா. மூன்று வாரம் கழித்து, ரேஷன் கடைக்குப் போகும் சாக்கில் அந்தப் பக்கம் போனேன். பசைக்காக மாடு பாதியைத் தின்றிருந்தது. ‘ஓரமாய் நில்’ மட்டும் சுவரில் இருந்தது. அதுதான் அச்சில் வந்த என் முதல் கவிதை. நான்கு தொகுப்புகள் போட்டிருக்கிறேன், எந்த முன்னுரையிலும் இதை எழுதியதில்லை. கவிஞருக்கு ரஜினி போஸ்டரில் தொடக்கம் என்று சொல்ல வெட்கம். அதற்கும் அடியில் இன்னொரு வெட்கம் இருந்தது: எனக்குத் தலைவரை நிஜமாகவே பிடிக்கும். முதல் நாள், முதல் காட்சி, திரையில் பேர் விழும்போது விசில் அடிக்க ஆசை. விசில் அடிக்கக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகியிருக்கிறேன்.

அந்த ஆசையை நான் எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ஆறேழு வருடத்துக்கு முன்பு, வகுப்பில் ஒரு மாணவி யாப்பிலக்கண நோட்டின் பின்னட்டையில் ஒரு நடிகரின் படத்தை ஒட்டி, சுற்றிலும் எட்டு வரி எழுதியிருந்தாள். “இதுக்குத்தான் எம்.ஏ. படிக்க வந்தியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அந்த எட்டு வரியும் தளை தட்டாத வெண்பா நடை. அது எனக்கு அப்போதே தெரிந்தது.

மில் பாட்டி பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு, அந்த வரியை ஆங்கிலத்தில் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். மழை பெய்துகொண்டிருந்த டிவியைப் பார்த்தார். “இதை மடல்ல போடறேன். உன் பேரை எப்படி எழுதணும்?”

திங்கள் காலை அண்ணனைக் கூப்பிட்டேன். இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறான், மன்றத்தையெல்லாம் விட்டு இருபது வருடமாயிற்று. அந்த ‘தளபதி’ போஸ்டர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். வரியைத் தப்பில்லாமல் சொன்னான்.

“மறக்குமா? சிவகாசில பிரஸ் வாசல்ல உக்காந்து நானே எழுதினதுல்லா. ஆளாளுக்குக் கேட்டானுக, யாருல இப்படி எழுதினதுன்னு.”

அவன் பொய் சொல்லவில்லை. 32 வருடமாக அவனுக்கு அது அப்படித்தான் நடந்திருக்கிறது. பிரஸ் வாசலில் வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்றுகூடச் சொன்னான். நான் சிரித்தேன். வாய்மொழித் தேர்வில் சிரித்த அதே சிரிப்பு என்பது போனை வைத்த பிறகு உறைத்தது. மறுபடி கூப்பிட்டேன். “அண்ணே, அதை அடுப்படி வாசல்ல உக்காந்து நான் சொன்னேன்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. கடையில் யாரோ சார்ஜர் விலை கேட்டது காதில் விழுந்தது. “அப்படியாட்டி?” என்றான். பிறகு, ஆள் நிற்கிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

ஜூலையில் மடல் தபாலில் வந்தது. நான்காம் பக்கத்தில், சிறு கட்டத்துக்குள், மழையால் தள்ளிப்போன பந்தயம் பற்றிய குறிப்புக்கு அருகில் என் இரண்டு வரி ஆங்கிலத்தில் இருந்தது. கீழே என் பெயர், ஊர் கோவில்பட்டி, இந்தியா, 1991. படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. என் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அன்று இரவே மில் பாட்டிக்கு எழுதினேன். அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில், பழைய டயர் விற்பனை அறிவிப்புக்குக் கீழே, திருத்தம் வந்தது.